நீலவேணி அம்மாவின் ழ

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு வெளியிலயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. அப்படி உக்காருங்க. அந்தப் பெட்டியை மட்டும் இப்பத் தொடாதீங்க. விக்கிறதுன்னு விளம்பரம் போட்டது நான்தான், இல்லேங்கல. நீலவேணி அம்மா பாடின முப்பத்தெட்டுப் பாட்டும் அதுல ரெக்கார்டா இருக்கு. கீறல் கிடையாது, பூஞ்சை கிடையாது. ஆனா ஏன் விக்கிறேன்னு ஒரு வார்த்தை கேக்காம நீங்க தூக்கிட்டுப் போனா எனக்கு மத்தியானம் சோறு இறங்காது. கேட்டுட்டுப் போங்க.

கஷ்டத்துல விக்கிறேன்னு நினைச்சுக்காதீங்க. அப்பாதுரை சவுண்ட் சர்வீஸ்னா உறையூர்ல இன்னிக்கும் எல்லாருக்கும் தெரியும். மைக்செட்டு, பந்தல், சீரியல் லைட்டு எல்லாத்தையும் மருமகன் பாத்துக்கிறான். கஷ்டம் ஒண்ணும் இல்ல. குமட்டல். இந்த ரசிகருங்கன்னு சொல்லிக்கிற கும்பலைப் பாத்துப் பாத்து எனக்கு வயித்தைப் புரட்டிருச்சு, அவ்வளவுதான்.

பாக்கியம், தம்பிக்குக் காப்பி போடு. சக்கரை போடலாம்ல தம்பி? போடலாமாம், போடு.

நீங்களும் அந்த வாட்ஸ்அப் குரூப்ல இருக்கீங்களா? நீலவேணி நேயர் வட்டம்? ம். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அடுத்த மாசம் வரப்போற அந்தப் புது ரெக்கார்டுக்கும் பேர் குடுத்து வச்சிருப்பீங்க. 'வெளிவராத ஏழு பாடல்கள்.' வேணாம், சொல்லாதீங்க. சொன்னா நான் எதாவது சொல்லிப்புடுவேன், வீட்டுக்கு வந்தவரை அப்படிப் பேசக் கூடாது.

மொதல்லேருந்து சொல்றேன். எனக்கு ழ வராது. நாக்கு அப்படி. பள்ளிக்கூடத்துல வாத்தியார் 'வாழைப்பழம் சொல்லுடா'ம்பாரு. நான் சொல்வேன். மொத்தக் கிளாசும் சிரிக்கும். அடிச்சுப் பாத்தாரு, மண்டி போட வச்சுப் பாத்தாரு, ஒண்ணும் நடக்கல. இப்பக்கூட நான் பேசுறப்ப ழ வர்ற எடத்துல எல்லாம் உங்க காதுக்கு ளன்னுதான் விழுந்துக்கிட்டிருக்கும். நீங்க மரியாதைக்குச் சும்மா இருக்கீங்க. எனக்குத் தெரியும்.

மைக்செட் வேலைக்குச் சேந்த புதுசு. மண்ணச்சநல்லூர்ல ஒரு கல்யாணம். குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்துல கட்டிட்டு இறங்கிக்கிட்டிருக்கேன், கீழ முதலாளி ஒரு ரெக்கார்டைப் போட்டாரு. 'ஆழியிலே விழுந்த முத்து, அழுதது யாரைத் தேடி.' ஒரே வரியில மூணு ழ தம்பி. மூணும் என் காதுக்குப் பக்கத்துல வந்து விழுந்துச்சு. பாதி மரத்துல அப்படியே கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு வராத எழுத்து ஒருத்தருக்கு இப்படி வருதேன்னு அழுகை வந்துருச்சு. கீழேருந்து முதலாளி, 'என்னடா, எறும்பு கடிக்குதா?'ங்கறாரு.

அன்னிக்குப் பிடிச்சவன்தான். நீலவேணி அம்மாவுக்கு ஊரு ராஜமுந்திரி. வீட்டுல தெலுங்கு. வேற பாஷைக்காரங்களுக்கே ழ அப்படி வருதுன்னா அது சாமி குடுத்ததுதானே? நான் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்வேன். பாட வந்த கொஞ்ச வருஷத்துலயே போய்ச் சேந்துட்டாங்க. முப்பத்தெட்டுப் பாட்டோட சரி. எந்தக் கல்யாணமா இருந்தாலும் எந்தக் காதுகுத்தா இருந்தாலும் அவங்க பாட்டுதான் மொதல்ல போடுவேன். ஒரு தடவை சாவு வீட்டுலயும் போட்டுட்டேன், அடிக்க வந்துட்டாங்க.

சரி, இந்தக் கண்றாவிக்கு வர்றேன்.

நம்ம குரூப்புல தியோடர்னு ஒருத்தர் இருக்காரே, பல் டாக்டர், தில்லைநகர்ல கிளினிக். அவருக்கு மெட்ராஸ்ல ஒரு பழைய ஸ்டுடியோக்காரர் வீட்டுப் பரண்லேருந்து ரெண்டு ஸ்பூல் டேப்பு கிடைச்சுச்சு. பாதியில நின்னுபோன ஒரு படத்துக்காக எடுத்த பாட்டு. டப்பா மேல 'நீலவேணி, ஏழு பாட்டு'ன்னு எழுதியிருக்கு. ஆடி மாசம் சேதி வந்துச்சு. அன்னிலேருந்து ஆரம்பிச்சானுங்க பாருங்க.

காலையில எந்திரிச்சா நூறு மெசேஜ். 'இன்னும் எத்தனை நாள்', 'தாங்க முடியலை', 'நேத்து அம்மா கனவுல வந்து எட்டாவது பாட்டு பாடினாங்க.' எட்டாவது பாட்டாம்! ஏழையே ஒருத்தனும் கேக்கல. அதுக்குள்ள ஒருத்தன் மூணாவது பாட்டு என்ன ராகமா இருக்கும்னு சண்டை போடுறான். சிங்கப்பூர்ல இருக்கிறவன், மொத ரெக்கார்டு எனக்குத்தான் வரணும்னு அடம். இன்னொருத்தன் அம்மா படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் கலர் அடிச்சு, உதட்டுக்கு லிப்ஸ்டிக் போட்டு, கண்ணைச் சிமிட்ட வச்சுப் போடுறான். செத்துப்போனவங்க தம்பி! கண்ணைச் சிமிட்டுறாங்க! கீழ நூத்தி ஐம்பது பேரு கைகூப்பி வச்சிருக்கான். சீ. பந்தி போடுறதுக்கு முன்னாலயே இலைக்கு அடிச்சுக்கிற கூட்டத்தை நான் எத்தனையோ கல்யாணத்துல பாத்தவன். ஆனா இவனுங்களை மாதிரி பாத்ததே இல்ல.

எனக்கு மட்டும் ஒரு மரியாதை இருந்துச்சு, அதையும் சொல்லணும். டாக்டரு யாருக்கும் அனுப்பாம எனக்கு மட்டும் ஒரு துண்டுப் பாட்டை அனுப்பினாரு. 'அண்ணே, நீங்க கேட்டு அம்மா குரல்தான்னு சொல்லிட்டீங்கன்னா கவர்லயே உங்க பேரைப் போட்டுடறேன்'னாரு. 'நிழல் கேட்ட வெயில் நானே.' அவ்வளவுதான், அந்த ஒரு வரி. கேட்டதும் சொல்லிட்டேன். யோசிக்கவே இல்ல. அந்த 'நிழல்'ல வர்ற ழ இருக்கே, அதை உலகத்துல வேற ஒருத்தராலயும் சொல்ல முடியாது. மத்த முப்பத்தெட்டுப் பாட்டையும் விட இதுல இன்னும் சுத்தமா விழுந்துச்சு. அப்படியே எழுதிக் குடுத்தேன்.

புரட்டாசியில ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டம் வச்சாங்க. ஓட்டல் ஹால், ஏசி. ரெக்கார்டு வர்றதுக்கு முன்னால உறுப்பினருங்க எல்லாரும் ஒரு தடவை சேந்து உக்காந்து கேக்கிறதுன்னு ஏற்பாடு. நான் பாக்கியத்தையும் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கு இதுல எல்லாம் ருசி கிடையாது, கேசரி போடுறாங்கன்னு வந்தா. என்னை மேடையில ஏத்திப் பேசச் சொன்னாங்க. 'தமிழுக்கு ழகரத்தைக் காத்துக் குடுத்த தாய்'னு ஆரம்பிச்சேன். சின்னப் பசங்க நாலு பேரு சிரிச்சானுங்க. ஏன் சிரிச்சானுங்கன்னு உங்களுக்குத் தெரியும். நானும் கண்டுக்கல.

டேப்பு ஓட ஆரம்பிச்சதும் பாட்டு வரல. மொதல்ல ஒரு ஆம்பளைக் குரல், ரெக்கார்டிங் பண்றவரு. 'மரகதம், மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லும்மா'ங்குது. ஒரு பொண்ணு, 'சரிங்கண்ணே'ங்குது. அப்புறம்தான் பாட்டு.

ஹால்ல சலசலப்பு. யாரு மரகதம்? எல்லாரும் என்னைப் பாக்கிறாங்க. மைக்கைப் பிடிச்சேன். 'மரகதம்ங்கிறது அம்மாவோட வீட்டுப் பேரு'ன்னு சொன்னேன். கை தட்டுறாங்க பாருங்க, அப்படி ஒரு கைதட்டு! அது எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேப்பீங்க. தெரியும். வேற என்னவா இருக்க முடியும்?

ஏழு பாட்டும் முடிஞ்சுச்சு. அழாத ஆளு இல்ல. மூணாவது பாட்டுல குரல் கொஞ்சம் அடைச்ச மாதிரி வருதே, அதைப் பத்தி ஒரு காலேஜ் புரபசர் எந்திரிச்சு, தன் சாவு முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு ஆத்மாவோட விசும்பல்னு பத்து நிமிஷம் பேசினாரு. அப்பத்தான் கடைசி வரிசையில பாக்கியத்துக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா எந்திரிச்சாங்க. வயசு எண்பதுக்குப் பக்கம். கையில கேசரித் தட்டு. பழைய ஆர்கெஸ்ட்ரா ஆளுங்க யாராவது இருந்தா வரலாம்னு டாக்டரு பேப்பர்ல போட்டிருந்தாராம், அதைப் பாத்துத் துறையூர்லேருந்து பஸ் ஏறி வந்திருக்காங்க.

'அது விசும்பல் இல்லைங்க, எனக்கு அன்னிக்கு மூக்கடைப்பு'ன்னாங்க.

யாருக்கும் ஒண்ணும் புரியல. அவங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறாங்க. 'நான்தாங்க மரகதம். அய்யய்யோ, இதையெல்லாம் அழிக்காமலா வச்சிருந்தாங்க? இது டிராக்குங்க.'

டிராக்குன்னா உங்களுக்குத் தெரியுமில்ல? பெரிய பாடகிக்குத் தேதி கிடைக்கலேன்னா ஷூட்டிங் அவசரத்துக்கு வேற ஒரு பொண்ணைப் பாட வச்சு அனுப்பிடுவாங்க. அப்புறம் பெரியவங்க வந்து அதைக் கேட்டுக் கத்துக்கிட்டு அவங்க குரல்ல பாடுவாங்க. மொதல்ல பாடின பொண்ணு குரலை அழிச்சிடுவாங்க. படம் நின்னுபோயி நீலவேணி அம்மா பாட வராததால இதை அழிக்கிற வேலை மிச்சமாயிருச்சாம். டப்பா மேல பேரு, பாட வேண்டியவங்க பேராம். சொல்றாங்க. சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. வாயில கேசரி.

மேடையிலேருந்தே கேட்டேன். 'அம்மா, அந்த ழ? அந்த ழ உங்களுதா?'

அதுக்கு அவங்க சொன்னதைச் சொல்றேன், கேட்டுக்கங்க. 'நீலவேணி அக்காவுக்கு ழ வராதுங்க, பாவம். எப்டிடி மடக்குறே, வாயைத் திற பாப்போம்னு என் தாடையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள எட்டி எட்டிப் பாப்பாங்க. ஒரு தடவை ஆழியிலே பாட்டுக்கு வரலேன்னு அழுதுட்டாங்க. விடுக்கா, குழாய்ல கேக்கிறவனுக்கு எங்க தெரியப் போவுதுன்னு நான்தான் தேத்தினேன். உங்களை மாதிரித்தான் சார் அவங்களும்.'

குழாய்ல கேக்கிறவனாம். யாரைப் பாத்து? தென்னை மரத்துல தொங்கிக்கிட்டுக் கேட்டவன் நான்! என்னை மாதிரியாம் அம்மா! எவ்வளவு தைரியம் பாருங்க. செத்துப்போனவங்க பதில் சொல்ல வர மாட்டாங்கன்னா என்ன வேணா பேசலாமா?

யாரோ ஒருத்தன், 'அப்படின்னா பாடிக் காட்டுங்க'ன்னான். அவங்க தட்டைப் பாக்கியம் கையில குடுத்துட்டுப் பாடினாங்க. 'நிழல் கேட்ட வெயில் நானே.' குரல் உடைஞ்சு போச்சு, மூச்சு நிக்கல, சுருதி எங்கேயோ போகுது. ஆனா அந்த ழ வந்துச்சு. என் கையில முடியெல்லாம் நட்டுக்கிட்டு நின்னுச்சு. ஏசி வேற அதிகமா வச்சிருந்தானுங்க.

'மிமிக்ரி'ன்னேன். மைக்லயே சொன்னேன். 'அம்மா நல்லா மிமிக்ரி பண்றாங்க, எல்லாரும் கைதட்டுங்க.'

சிரிச்சுக்கிட்டே தட்டினாங்க. அந்தம்மாவும் கூடச் சேந்து சிரிச்சாங்க. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. ரோஷம்னு ஒண்ணு இருந்தா சண்டைக்கு வரணுமில்ல? வரல. கூட்டம் கலையறப்ப என்கிட்ட வந்து, 'இருக்கட்டும் சார், அக்கா பேர்லயே வரட்டும். எனக்கு ஒரே ஒரு காப்பி மட்டும் குடுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுல பாட விடல. என் மக நான் பாடி ஒரு நாளும் கேட்டதில்ல. இப்பத்தான் தொண்டை இப்படி ஆயிடுச்சே. ஒரு தடவை அவ கேட்டாப் போதும்'னாங்க.

குடுக்க முடியாதுன்னுட்டேன். வெளியீட்டுக்கு முன்னால வெளி ஆளுங்களுக்குக் குடுக்கிறதில்லன்னு சொன்னேன். சட்டம்னா சட்டம்தானே தம்பி? நீங்க ஏன் அப்படிப் பாக்கிறீங்க? காப்பியைக் குடிங்க, ஆறுது.

இத்தோட விட்டிருந்தாக்கூட நான் குரூப்பை விட்டு வெளியே வந்திருக்க மாட்டேன். அந்த டாக்டரு என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போறாரு. 'அண்ணே, அந்தம்மா சொல்றது நிஜம்னுதான் எனக்குத் தோணுது'ங்கறாரு. 'ஆனா கவர் அடிச்சாச்சு. ஊரு உலகமே காத்துக்கிட்டு இருக்கு. நீங்க வேற எழுதிக் குடுத்துட்டீங்க, உங்க பேரும் கவர்ல இருக்கு. பேசாம இருந்துடுவோம்.'

தூ! இவனெல்லாம் ரசிகனா? நிஜம்னு நினைக்கிறவன் அதை எப்படி மறைப்பான்? நான் நிஜம் இல்லைன்னு நினைக்கிறேன், அதனால நான் பேசாம இருக்கிறது நியாயம். அவன் நிஜம்னு நினைச்சுக்கிட்டே பேசாம இருக்கான்னா அது என்ன பொழைப்பு? அப்பவே குரூப்பை விட்டு வந்துட்டேன். என் பேரைக் கவர்லேருந்து எடுங்கன்னு சொன்னீங்களான்னு கேக்கிறீங்க. அது அடிச்சாச்சே தம்பி. அடிச்சதை எப்படி எடுக்கிறது?

வெளிலதான் இப்படின்னா வீட்டுக்குள்ளயும் அதே கதி. கேக்குதா பாக்கியம், உன்னைத்தான் சொல்றேன். என் போன்ல அந்த ஏழு பாட்டும் இருந்துச்சு, கூட்டத்தன்னிக்கு ஹால்லயே டாக்டரு எனக்கு அனுப்பினது. இவ அந்தம்மாகிட்ட நம்பர் வாங்கி வச்சிருந்திருக்கா. நான் குளிக்கப் போன நேரத்துல ஏழையும் அனுப்பிட்டா. கேட்டா, 'பாடினவங்களுக்கே குடுக்க மாட்டீங்களா, இது என்னங்க அநியாயம்'ங்கறா. நாப்பது வருஷமா நீலவேணி அம்மா பாட்டைக் கேட்டுக்கிட்டே சோறாக்கினவ பேசுற பேச்சு இது!

அந்தம்மா திருப்பிப் பேசி அனுப்பியிருந்தாங்க. என் போன்லதானே வரும், கேட்டேன். 'சாருக்கு ரொம்ப நன்றி சொல்லும்மா. மக கேட்டா. ரொம்ப நல்லா இருக்கேம்மா, யாரு பாடினதுங்கறா. நான்தான்டின்னேன். நம்ப மாட்டேங்கறா. பேப்பர்ல நீலவேணின்னு போட்டிருக்கே, ஒரு மைக்செட்காரரு குரலுக்கு உறுதி குடுத்திருக்காரேன்னு என்கிட்டயே காட்டுறா. வயசாயிடுச்சுல்ல, எதையோ நினைச்சுக் குழப்பிக்கிறேன்னு தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போயிட்டா.' அதுக்கும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால பொறுத்துக்க முடியல. அழிச்சிட்டேன். அழிச்சப்புறமும் காதுலயே நிக்குது.

மனசை ஆத்திக்கலாம்னு மறுநாள் காலையில 'ஆழியிலே' ரெக்கார்டைப் போட்டேன். வழக்கமாப் போடுறதுதான். என்னான்னு சொல்றது? ஊசி போயிருந்துச்சு போல. 'ஆளியிலே விளுந்த முத்து'ன்னு கேக்குது. ஊசியை மாத்தினேன். அப்பவும் அதேதான். கடைக்குப் போயி வேற பிளேயரு கொண்டாந்தேன். ஸ்பீக்கரை மாத்தினேன். பழைய குழாயைக்கூடத் தூசி தட்டி மாட்டிப் பாத்தேன், தெருவே வேடிக்கை பாத்துச்சு. எது போட்டாலும் 'அளுதது'ன்னுதான் வருது. முப்பத்தெட்டையும் போட்டுப் பாத்துட்டேன் தம்பி. எல்லா ரெக்கார்டும் ஒரே நாள்ல கெட்டுப்போகுமா? சீதோஷ்ணமோ என்னவோ. அந்தக் கூட்டத்துல உக்காந்துட்டு வந்ததுலேருந்து என் காதுலதான் என்னவோ அடைச்சிருக்குன்னு டாக்டர்கிட்டயும் போனேன். பல் டாக்டர்கிட்ட இல்ல, காது டாக்டர். காது நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு. அவரு என்னத்தைக் கண்டாரு.

அப்ப இவ அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்துட்டுச் சொல்றா, 'என்னங்க, உங்க நீலவேணி அம்மா அப்படியே நீங்க பேசுற மாதிரியே பாடுறாங்க'ன்னு. வெடுக்குன்னு அணைச்சுட்டேன். அன்னியிலேருந்து இந்த வீட்டுல பாட்டு கிடையாது.

அதுதான் விக்கிறேன். அந்தக் கும்பலோட குமட்டல் தாங்காம விக்கிறேன், வேற ஒரு காரணமும் இல்ல. விலையெல்லாம் உங்க இஷ்டம். எடுத்துக்கங்க.

என்ன, ஒண்ணு போட்டுக் காட்டணுமா? இல்ல தம்பி, இங்க வேணாம். பிளேயரு இருக்கு, நல்லாத்தான் ஓடுது, அதுக்கில்ல. உங்க வீட்டுக்குக் கொண்டுபோயி நிதானமாப் போட்டுக் கேளுங்க. நீங்க படிச்சவரு, ழ உங்களுக்கு நல்லா வருது. காதும் சுத்தமா இருக்கும். மொதல்ல 'ஆழியிலே' போடுங்க. மூணுல ஒண்ணே ஒண்ணு சரியா விழுந்தாலும் எனக்கு உடனே ஒரு போன் பண்ணுங்க. எந்த நேரமானாலும் பண்ணுங்க, நான் எடுப்பேன்.

விழலேன்னா பண்ணாதீங்க.